‘அப்புறமுங்க?’ என்று கேட்ட டாக்டர்

அவர் வாயில் அதிகம் வந்த சொல் ‘அப்புறமுங்க?’ என்பதுதான். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண்மணி. எவ்வளவு படித்தும் அந்த ‘ங்க’ மட்டும் போகவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவர் வேட்டியைச் சரிசெய்வார், தொண்டையைக் கனைப்பார், இந்த வருஷம் மழை பொய்த்ததைப் பற்றி ஆரம்பிப்பார். டாக்டர் அசைய மாட்டார். பொய் சொன்னவருக்கு அந்த மௌனத்தில் வேர்த்துவிடும். உண்மை சொன்னவருக்கும் வேர்க்கும் என்பதுதான் அதிலிருந்த கஷ்டம்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பெருங்குடலில் வரும் புற்றுநோயை, வலி தெரியும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஐம்பது வயது தாண்டியவர்களிடம் மலம் வாங்கி, ஓர் அட்டையில் தடவி, மேலே மருந்துச் சொட்டு விடுவோம். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால் அட்டை நீலமாகும். நீலமானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து, ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பார். விலங்கியல் பட்டம் வாங்கிய எனக்கு, வீடு வீடாக டப்பா கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யாராவது விசாரித்தால் என் அம்மா “லேப்ல இருக்கா” என்று பேச்சை முடித்துக்கொள்வார்.

டாக்டருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. வத்தலக்குண்டு சாலையில் டீக்கடையில் நின்றால், பக்கத்தில் வடை தின்றுகொண்டிருக்கும் பெரியவரிடம், “காலையில வெளிக்குச் சுகமாப் போச்சுங்களா?” என்பார். அவர் திடுக்கிட்டு வடையைக் கீழே வைப்பார். “போச்சுத் தாயி.” “அப்புறமுங்க?” என்பார் டாக்டர். கடையில் இருக்கும் மற்ற ஆண்களெல்லாம் தங்கள் முறை வருவதற்குள் கிளம்பிவிடுவார்கள். எனக்கு மானம் போகும். டாக்டரோ கையைக் கழுவிவிட்டு ஜீப்பிலேயே டப்பாவைத் திறந்து தயிர்ச் சோறு சாப்பிடுவார்.

எங்கள் ஜீப் டிரைவர் அவரைக் கண்டால் நடுங்குவார். ஒருமுறை ஒரு வீட்டில் டப்பா வாங்காமல் வந்துவிட்டு, கதவு பூட்டியிருந்தது என்றார். அப்புறமுங்க. சத்தம் போட்டுப் பார்த்தேன் என்றார். அப்புறமுங்க. கடைசியில், வாசலில் நாய் படுத்திருந்தது, நான் ஜீப்பை விட்டே இறங்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். டாக்டர் கோபிக்கவில்லை. “வாங்க, நாயைப் பாக்கலாம்” என்று ஜீப்பைத் திருப்பச் சொன்னார்.

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் பாதி ஊருக்கு அட்டை நீலமாகிவிட்டது. நாங்கள் அரண்டுபோனோம். டாக்டர் மட்டும் ஊருக்குள் போய் ஒவ்வொரு வீடாக உட்கார்ந்தார். சோதனைக்கு முன்னால் கறி தின்னக் கூடாது என்று சொல்லியிருந்தோம். யாரும் தின்னவில்லை என்றார்கள், அதுவும் உண்மைதான். கோயில் கிடாவெட்டு வந்ததால் கறியையெல்லாம் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, டாக்டரம்மா பேச்சை மதித்து, இவர்கள் ரத்தப் பொரியலை மட்டும் சாப்பிட்டிருந்தார்கள். ஆட்டு ரத்தத்துக்கும் அட்டை நீலமாகும். மதுரையில் அவருக்கு மேலே இருந்த பெரிய டாக்டர், அந்த ஊரையே ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். இவர் கேட்கவில்லை. அடுத்த மாதம் அத்தனை வீட்டுக்கும் மறுபடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த நீலங்களுக்கு நடுவில் நிஜமான நீலம் ஒன்று இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

அவரைப் பற்றி இன்று நினைத்தாலும் பாசத்துக்கு முன்னால் ஒரு பதற்றம்தான் வருகிறது. பிடித்த பிடியை விடாத மனிதரோடு வேலை பார்ப்பது சுலபமில்லை. ஆனால் ஒரு வீட்டு விஷயத்தில் அவர் பிடியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த குடும்பம் அது. அறுபதை நெருங்கிய அம்மா, அவர் மகன், மருமகள், படிக்கிற பேத்தி. அந்த அம்மாவின் டப்பாவை நான்தான் வாங்கி வந்தேன். மற்றவர்களெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு தருவார்கள். அந்த அம்மா முன்னாலேயே வந்து, துணியில் சுற்றி, பத்திரமாகக் கையில் கொடுத்தார். மூன்று நாளுக்கு மூன்று மாதிரி தர வேண்டும். ஒன்றையும் தவறவிடவில்லை.

மூன்றுமே நீலமாயின. சொட்டு விட்ட உடனே, காத்திருக்கவே வேண்டாத மாதிரி, திட்டுத்திட்டாகப் படர்ந்த நீலம். டாக்டர் மேசை மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார். “கறி தின்னாங்களா?” என்றார். நான் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்த அம்மா முருகனுக்கு மாலை போட்டிருந்தார். வீட்டிலேயே கவிச்சி இல்லை.

மகன் அரண்டுபோய் அம்மாவை அழைத்துவந்தான். குழாய் விடுவதற்கு முந்தின நாள் முழுக்கச் சோறு கிடையாது. பேதி மருந்தைக் குடம் குடமாகக் குடிக்க வேண்டும். ஆண்பிள்ளைகளே பாதியில் ஓடிப்போன சோதனை அது. அந்த அம்மா ஒரு வார்த்தை முனகவில்லை. மடமடவென்று குடித்தார், போனார், வந்தார், மறுபடி குடித்தார். மேசையில் படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டார். டாக்டர் குழாயைக் கடைசி வரை கொண்டுபோய், திரும்ப இழுக்கும்போது இன்னும் மெதுவாகப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. மூலம்கூட இல்லை.

“உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்கம்மா, குடல் சுத்தமா இருக்குது” என்றார் டாக்டர்.

மகன் அங்கேயே கும்பிட்டான். அந்த அம்மா முகத்தில் சந்தோஷம் வரவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு, “மாத்திரை ஏதும் எழுதலையா டாக்டரம்மா?” என்றார்.

“எதுக்குங்க மாத்திரை? நோவே இல்லியே.”

“இல்ல, ரத்தம் இருக்குன்னு சொன்னீகள்ல. அதுக்கு ஏதாச்சும்…”

“அப்புறமுங்க?” என்றார் டாக்டர்.

அந்த அம்மா மகனைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சோதனை ‘இருக்கிறது’ என்று சொல்லி, குழாய் விட்டுப் பார்த்தால் இல்லாமல் போவது எந்த ஆராய்ச்சியிலும் நடப்பதுதான். ‘தவறான நீலம்’ என்று அதை அட்டவணையில் ஒரு கட்டத்தில் போட்டுவிட்டு மேலே போக வேண்டும். கட்டுரை கிட்டத்தட்ட எழுதி முடித்தாகிவிட்டது. மதுரைப் பெரிய டாக்டர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். இவர் அனுப்பவில்லை. ஜீப்பில் வரும்போது திடீரென்று, “நல்லா இருக்கிறவங்க எதுக்குக் கண்ணு மாத்திரை கேக்கறாங்க?” என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நம் ஜனங்கள் ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிப்பதில்லை, இதில் என்ன அதிசயம் என்றேன். “அது வேற” என்றார். “வேற” என்று அவர் சொன்னால் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது.

முன்பே ஒருமுறை எங்களுக்குத் தண்ணி காட்டியிருந்தார்கள். பல்லே இல்லாத ஒரு தாத்தாவின் டப்பாவில் மக்காச்சோளம் முழுசு முழுசாக இருந்தது. விசாரித்தால், தாத்தாவுக்குக் கூச்சம், மகனுடையதை வாங்கிக் கொடுத்திருந்தார். டாக்டர் அதையும் அன்று ஜீப்பில் சொன்னார். அப்படியானால், நீலமான அந்த மூன்று அட்டைகளுக்கும் சொந்தமான ஆள் வேறு எங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறார். தனக்கு ரத்தம் போவது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது டாக்டரின் குரல் இறங்கிப்போயிருந்தது.

அந்த வீட்டுக்குப் போனோம். மகன் திண்டுக்கல்லிலிருந்து இனிப்பு வாங்கி ஊருக்கே கொடுத்திருந்தான். எங்களுக்கும் கொடுக்க வந்தான். டாக்டர் அதை வாங்காமல், வீட்டில் எல்லோருக்கும் சோதனை செய்ய வேண்டும் என்றார்.

“ஏம்மா, எங்கம்மாவப் படுத்துனது பத்தலையா? இருக்குன்னீக. பட்டினி போட்டு, குழாய விட்டு, பெறகு இல்லன்னீக. இப்ப யாருக்கு இருக்குங்கறீக?”

“அதைத்தானுங்க பாக்கணும்.”

“ஒங்க படிப்புக்கு எங்க குடும்பந்தான் கெடச்சுச்சா? மரியாதையாச் சொல்றேன். கெளம்புங்க.”

மருமகள் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். ஒல்லியாக, உதடு வெளுத்து இருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். அந்த அம்மாவும் கவனித்தார். உடனே மருமகள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, “நீ உள்ள போ” என்றார்.

டாக்டர் ஜீப்பில் ஏறினார். ஊர் தாண்டியதும், “அந்தப் புள்ளைக்கு உடம்புல ரத்தமே இல்ல கண்ணு” என்றார்.

மறுநாள் காலை நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போனோம். அந்த அம்மா பூ மூட்டையோடு அங்கே வருவார் என்று எனக்குத் தெரியும். கமிஷன் கடை வாசலில், ஏலச் சத்தத்துக்கு நடுவே, ஈரச் சாக்கை விரித்துப் பூவைக் கொட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. டாக்டர் அந்த ஈரத்திலேயே அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீகளே. விடுங்க தாயி.”

“உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. அப்புறமுங்க?”

கடைக்காரர் விலை கேட்டார். அந்த அம்மாவுக்குக் காதில் விழவில்லை. சுற்றிலும் அத்தனை கூச்சல், இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் பேச்சில்லை. எனக்கு அங்கிருந்து ஓடிப்போகலாம் போலிருந்தது. யாராவது ஒருவர் எழுந்துவிட்டால் அவ்வளவுதான், இனிமேல் இந்த விஷயம் திறக்காது என்று எனக்குப் புரிந்தது. டாக்டர் எழுந்திருக்கவில்லை.

“மருமகப் புள்ளைக்குத்தான்” என்றார் அந்த அம்மா, குனிந்த தலையை நிமிர்த்தாமல். “ரொம்ப நாளாப் போகுது. மொதல்ல மூலம்னு நெனச்சோம். அவ ஆத்தாளும் இப்பிடித்தான் போயிப் போயி செத்தா. அது எம்மகனுக்குத் தெரியாது. பொண்ணு குடுக்கையில அவுக சொல்லல. எனக்கு மட்டும் இவ சொல்லி அழுதா.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கலாமுங்களே.”

“ஊரு வாயி சும்மா இருக்குமா? நோக்காட்டுக் குடும்பம்னு ஆயிப்போகும். நாளைக்கு எம்பேத்திய எவன் கட்டுவான்? இந்தப் புள்ள வந்து டப்பா குடுத்துச்சா, எளவட்டத்துக்குக் கெடையாது, வயசானவுகளுக்குத்தான்னு சொல்லுச்சு. சரின்னு அவளோடத எம்பேருல குடுத்தேன். நோவுன்னு சொன்னா எனக்கு மாத்திரை எழுதுவீக, அத அவளுக்குக் குடுத்துரலாம்னு நெனச்சேன். குழாயி விடுவீகன்னு தெரியாது. பாதியில வேணாம்னு சொன்னா மாத்திரையும் கெடைக்காதுல்ல, அதான் படுத்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரை கிடைக்கும் என்று நம்பி அந்தப் பேதி மருந்து அவ்வளவையும் ஒரு மனுஷி குடித்திருக்கிறாள். டாக்டர் அழவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “மாத்திரையில தீராதுங்கம்மா. நாள் தள்ளக் கூடாது” என்றார்.

“அவனுக்குத் தெரிஞ்சா, சாகப்போறவளக் கட்டி வச்சு ஏமாத்திட்டாகன்னு குதிப்பான். அவ பொறந்த வீட்ட இழுப்பான். நா சொன்னதாவோ, அவ ஆத்தா கதையோ, வெளிய வரக்கூடாது தாயி. அது ஒண்ணுதான் நா கேக்குறேன்.”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, “வராதுங்க” என்றார்.

அன்று சாயங்காலமே மறுபடி அந்த வீட்டு வாசலில் நின்றோம். என் ஆயுசில் டாக்டர் பொய் சொல்லிக் கேட்டது அந்த ஒரு முறைதான். ஆராய்ச்சியில் ஒரு விதி இருக்கிறதாம். ஒரு வீட்டில் அட்டை நீலமாகி, குழாயில் ஒன்றும் தெரியாவிட்டால், அந்த வீட்டில் இன்னொருவருக்குக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். சமையல் செய்கிறவராக இருந்தால் நல்லதாம். அப்படி ஒரு விதியும் கிடையாது. மகன் முறைத்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். “அவளுக்கு என்ன நோக்காடு, கல்லு மாதிரி இருக்கா. முடியாதுங்க” என்று அவன் கதவைச் சாத்தப் போனான்.

உள்ளேயிருந்து அந்த அம்மா வந்தார். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஊரே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“ஏண்டா, ஒங்காத்தா மட்டும் கண்டவுக முன்னாடி துணியத் தூக்கிக்கிட்டுக் கெடக்கணும், ஒம்பொண்டாட்டி மவராணியா வீட்டுல இருக்கணுமா? எனக்கு ஒரு நாயம், அவளுக்கு ஒரு நாயமா? அவளும் குடிக்கட்டும் அந்தத் தண்ணிய. அவளுக்கும் விடட்டும் குழாய. அப்பத்தான் எம்மனசு ஆறும். இல்லன்னா இந்த வீட்டுல நாஞ்சோறு திங்க மாட்டேன்.”

கூட்டத்தில் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். என்ன பொம்பளை இவ என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். மகனுக்கு அவமானத்தில் முகம் கறுத்தது. “கூட்டிட்டுப் போங்க, எப்படியாச்சும் தொலைங்க” என்றான். மருமகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியாரை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே உடைந்திருப்பாள்.

குழாய் பாதி தூரம்கூடப் போகவில்லை. இடது பக்கத்தில் கட்டி இருந்தது. டாக்டர் அங்கேயே நிறுத்தி, வெகு நேரம் பார்த்தார். ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும் வரை மகனிடம் கட்டி என்று மட்டும் சொன்னோம். வந்த பிறகு புற்று என்று சொன்னோம். அவன் குதிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். அந்த அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு ஒன்றும் தெரியாதது போலவே, “எனக்கு இருந்திருக்கக் கூடாதா” என்று அழுதார். அந்த அழுகையில் மட்டும் நடிப்பு இல்லை.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. குடலைத் தாண்டி எங்கும் பரவவில்லை. இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் பரவியிருக்கும் என்று ஆபரேஷன் செய்தவர் சொன்னார். அதற்குப் பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, திரும்ப வளர்ந்தது. மகன் கூடவே இருந்தான். நாங்கள் பயந்த மாதிரி அவன் இல்லை. ஆனால் அது முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? பேத்தி வயசுக்கு வந்து வளர்ந்ததும் அவளையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் அந்த அம்மாவைத் தனியே அழைத்துச் சொன்னார். ஊரில் அந்த அம்மாவுக்கு ‘மருமகளைக் குழாயில் போட்டவள்’ என்ற பேர் கடைசி வரை இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கட்டுரை அச்சில் வந்தது. மதுரையில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் அதைப் படிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். அவர் படித்து முடித்ததும் ஓர் இளம் டாக்டர் எழுந்தார். ‘தவறான நீலம்’ என்று கட்டத்தில் இருந்தவற்றைச் சுட்டிக்காட்டி, அதிலும் ஒரு பெண்ணுக்கு மூன்று அட்டையும் நீலமாகி உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, இப்படிப் பொய் சொல்லும் சோதனையை வைத்துக்கொண்டு ஏழை ஜனங்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள் என்று கேட்டார். சபையில் சிரிப்பு எழுந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போது சொல்லப்போகிறார், எல்லார் வாயும் அடைபடப்போகிறது என்று காத்திருந்தேன். மேடையில் டாக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஆமாங்க. சோதனையில தப்பு வருதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் நான் வெடித்துவிட்டேன். “ஏன் டாக்டர் சொல்லல? அந்த அட்டை மாதிரி உண்மையான அட்டை வேற எது? அதப் போயி தப்புன்னு அச்சடிச்சு, இப்ப தப்புன்னு ஒத்துக்கிட்டும் வந்துட்டீங்க. கணக்குலேர்ந்து எடுத்தாவது விட்டிருக்கலாம்ல?”

“எடுத்தா, ஏன் எடுத்தேன்னு எழுதணும் கண்ணு. அந்தம்மா மாத்திக் குடுத்தாங்கன்னு எழுதணும். அந்தம்மாவுக்கு வார்த்தை குடுத்திருக்கறேன்.”

“அதுக்காக எல்லாரும் சிரிக்கிறத கேட்டுட்டு நிக்கணுமா?”

டாக்டர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். தன் படிப்பு அத்தனையையும் அந்தக் கட்டுரையில்தான் அவர் வைத்திருந்தார்.

“புள்ள உசுரோட இருக்குது. சோதனை தப்புன்னு அச்சுல இருந்தா, இருந்துட்டுப் போகுது கண்ணு” என்றார்.